கடலோர நடை: கணுக்கால் முறிவுக்கு அப்புறம், விட்ட இடத்துல இருந்து

செண்பகனூர் நடையன் | அக்டோபர் 6

எல்லாருக்கும் வணக்கம். புதுசா வர்றவங்களுக்காக முன்கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பழவேற்காட்டுல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் கரையை ஒட்டியே நடந்துட்டு இருந்தேன். ஒரே மூச்சா இல்ல, லீவு கிடைக்கிறப்ப அஞ்சு நாள், ஏழு நாள். மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார் எல்லாம் தாண்டி, போன பிப்ரவரியில தரங்கம்பாடியில விழுந்தேன். டேன்ஸ்போர்க் கோட்டையைத் தாண்டி, கடல் அரிப்புக்காகக் கொட்டியிருக்கிற கருங்கல் மேல ஏறினப்ப பாசி வழுக்கி, இடது கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. உடம்பு சாய்ஞ்ச பக்கம் கால் வரல.

அங்க பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சுளுக்குன்னு சொல்லி, துணிக்கட்டுப் போட்டு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரே எடுக்கல. நாலு பஸ் மாறி கொடைக்கானல் மலை ஏறி வந்தேன். நாலாவது நாள் பாதம் முழுக்கக் கருநீலமா ஆனப்பதான் திண்டுக்கல்ல படம் எடுத்தாங்க. ஃபிபுலா, அதாவது முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா இருக்கிற எலும்போட கீழ்முனையில முறிவு. எலும்பு விலகல, அதனால ஆபரேஷன் தேவைப்படல. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரிச்ச அன்னைக்கு என் அம்மா பூக்கட்டுற நூலை எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் சுத்தி அளந்தாங்க. வலது கால் அளவுக்கு ஒரு முடிச்சு, இடது கால் அளவுக்கு ஒரு முடிச்சு. ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல மூணு விரல்கடை இடைவெளி. அந்த நூலை இன்னும் வச்சிருக்கேன். இப்ப இடைவெளி ஒரு விரல்கடைக்கு வந்திருக்கு.

ஜூன்ல இருந்து கொடைக்கானல் ஏரியைச் சுத்துறேன். ஒரு சுத்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முதல்ல அரைச் சுத்து, அப்புறம் ஒண்ணு. இப்ப மூணு சுத்து வலி இல்லாம வருது. தீபாவளி முடிஞ்ச கையோட தரங்கம்பாடி போய், விழுந்த அதே கல்லுல இருந்து தெக்கே நடக்கலாம்னு இருக்கேன். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், முதுகுல 9 கிலோ பை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

ஏரிச்சாலை | அக்டோபர் 6

உங்களை ஏரிக்கரையில பார்த்திருக்கேன்னு நினைக்கிறேன், காலையில ஆறரைக்கு, மஞ்சள் குல்லா. ஆகஸ்ட்ல நொண்டின கால் இப்ப நொண்டல. போய்ட்டு வாங்க.

---

நாகைக்கரை | அக்டோபர் 6

தம்பி, நடக்கிறதுக்கு முன்னாடி நாள்காட்டியைப் பாருங்க. தீபாவளி முடிஞ்ச கையோடன்னா வடகிழக்குப் பருவமழை நடு உச்சத்துல இருக்கும். ஆத்து முகத்துவாரமெல்லாம் வெட்டி ஓடும், கரை தெனம் இடம் மாறும். 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. நீங்க நடக்கப் போறது அதே கரை. எங்க ஊர்ல அந்த மாசம் வெளியூர்க்காரனைக் கரையில தனியா நடக்க விடமாட்டோம்.

தை பொறக்கட்டும். மழை நின்னு வாடைக்காத்து சீராயிரும். நீங்க தெக்க நடக்கிறப்ப காத்து முதுகுல இருக்கும்.

---

செண்பகனூர் நடையன் | அக்டோபர் 7

அண்ணே, கஜா எங்களுக்கும் மறக்காது. உங்க ஊர்ல கரையேறின அன்னைக்கே மேற்கே வந்து எங்க மலையிலயும் மரத்தையெல்லாம் சாய்ச்சு, ரோடு அடைச்சுப் போச்சு. நீங்க சொல்றது சரிதான். பொங்கல் முடிஞ்சு கிளம்புறேன். கால் விஷயத்துல மட்டும் எனக்குச் சந்தேகமே இல்ல, 15 கிலோமீட்டர் வருதே.

---

திண்டுக்கல் பிசியோ | அக்டோபர் 7

தம்பி, நான் பதினெட்டு வருஷமா பிசியோதெரபி பண்றேன். ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதலாவது, மத்தவங்களும் படிக்கட்டும்னு. கணுக்கால்ல அடிபட்டா எக்ஸ்ரே வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண ஒட்டாவா விதின்னு ஒண்ணு இருக்கு. அடிபட்ட உடனேயும், டாக்டர் பார்க்கிறப்பவும் நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னா படம் எடுக்கணும். கணுக்கால் மொளி எலும்போட பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினா வலிச்சாலும் எடுக்கணும். பாதத்துக்கும் இதே மாதிரி தொட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. கையாலயே தெரிஞ்சுக்கிற சோதனை. உங்களுக்கு யாராவது அந்த எலும்பை அழுத்திப் பார்த்தாங்களா? அதோட, படம் எடுக்கிற வரைக்கும் யார்கிட்டயும் எண்ணெய் போட்டு நீவ விடாதீங்க. சுளுக்கு எடுக்கிறேன்னு முறிஞ்ச எலும்பைப் பிடிச்சு இழுத்து, விலகாத முறிவு விலகிப் போய் வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

ரெண்டாவது, உங்க 15 கிலோமீட்டர். ஏரி ரோடு சமதளம், தார். கடற்கரை அப்படி இல்ல. பழைய செருப்பு இருக்கா? தரங்கம்பாடி வரைக்கும் போட்டு நடந்தது. அடிப்பாகத்தைப் பார்த்துட்டு, எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு எழுதுங்க.

---

செண்பகனூர் நடையன் | அக்டோபர் 8

அழுத்திப் பார்க்கல அக்கா. நாலு அடி என்ன, ஒரு அடி கூட வைக்க முடியல அன்னைக்கு.

செருப்பை மரப்பெட்டிக்குள்ள இருந்து எடுத்தேன். பூம்புகார் மண்ணு இன்னும் வார் இடுக்குல இருக்கு. இடது செருப்புல வெளி ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழேயும் குதிகால் வெளிப்பக்கமும், வரியே இல்லாம வழவழன்னு இருக்கு. வலது செருப்புல உள்பக்கம் தேஞ்சிருக்கு. இத்தனை நாள் இதை நான் கவனிக்கவே இல்ல.

---

திண்டுக்கல் பிசியோ | அக்டோபர் 8

நினைச்சேன். நீங்க வடக்கே இருந்து தெக்கே போறீங்க, கடல் எப்பவும் இடப்பக்கம். மணல் கடலைப் பார்த்துச் சரியும். அதனால ஒவ்வொரு அடியிலயும் இடது பாதத்தோட வெளி ஓரம் தாழ்ந்து, கணுக்கால் உள்நோக்கி மடங்கும். சுளுக்கு வர்ற திசையும் இதேதான், உங்க எலும்பு முறிஞ்ச இடமும் அந்தப் பக்கம்தான். அப்படி மடங்காம இழுத்துப் பிடிக்கிறது முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா ஓடுற பெரோனியல் தசை. மாவுக்கட்டுக்குள்ள ஆறு வாரம் சும்மா கிடந்து மெலிஞ்சதுல அதுவும் ஒண்ணு.

இன்னொண்ணு. ஏரி ரோட்டுல வண்டி எதிர வர்ற மாதிரி வலது ஓரமா நடப்பீங்கதானே? அங்க தார் ரோடு வலப்பக்கமாச் சரியும். அப்போ நாலு மாசமா கடற்கரைக்கு நேர் எதிரான சரிவுல பழகியிருக்கீங்க.

உங்க கால் ஆறலன்னு சொல்லல. சமதளத்துக்கு ஆறியிருக்கு.

---

வத்தலக்குண்டு வாசி | அக்டோபர் 9

அக்கா சொன்னதை மூணு தடவை படிச்சேன். நான் பதினோரு வருஷமா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன், ஒரே பக்கம் இடுப்பு வலி வர்றது ஏன்னு இப்பதான் புரியுது. ரோட்டோட ஓரம்.

---

பூம்பாறை விவசாயி | அக்டோபர் 10

தம்பி, சரிவுக்குக் கடலுக்குப் போகணுமா? நம்ம மலையில சரிவைத் தவிர வேற என்ன இருக்கு.

எனக்குப் பூண்டுக் காடு. அப்பா காலத்துல இருந்தே படி படியா வெட்டின நிலம். மழையில வரப்புச் சரிஞ்சு போற இடத்துல, குறுக்கால நடந்துதான் மருந்து அடிக்கணும், களை எடுக்கணும். ஒரு நாள் முழுக்க ஒரே திசையில வேலை பார்த்தா, பள்ளத்துப் பக்கம் இருக்கிற கால் ராத்திரி இழுக்கும். அதனால நாங்க ஒரு வரிசை இப்படி, ஒரு வரிசை அப்படின்னு மாத்தி மாத்திப் போவோம். யாரும் சொல்லிக் குடுக்கல, வலிதான் சொல்லிக் குடுத்துச்சு.

மன்னவனூர் பக்கம் புல்மேடு இருக்குல்ல, அங்க ஆட்டுத்தடம் பார்த்திருப்பீங்க. ஆடு சரிவுல நேரா ஏறாது. குறுக்கால கோடு போட்ட மாதிரிப் போகும். அந்தத் தடம் ஒரு சாண் அகலம்தான், அதுவும் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ஞ்சே இருக்கும். பள்ளம் உங்க இடக்கைப் பக்கம் வர்ற மாதிரி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்க. கடல் இடப்பக்கம் இருக்கிறதும் பள்ளம் இடப்பக்கம் இருக்கிறதும் காலுக்கு ஒண்ணுதான். காலையில சீக்கிரம் வேண்டாம், பனி காயட்டும், புல்லு வழுக்கும்.

---

செண்பகனூர் நடையன் | அக்டோபர் 14

போனேன். நடந்ததை அப்படியே எழுதறேன்.

பத்து மணிக்கு வெயில் ஏறின பிறகு ஆரம்பிச்சேன். முதல் அரைக் கிலோமீட்டர் ஒண்ணும் இல்ல. அப்புறம் இடது கணுக்கால் வெளிப்பக்கம் சூடா ஒரு இழுப்பு. பாதத்தை நேரா வைக்கணும்னு நினைக்கிறேன், அது தன்பாட்டுக்குச் சாயுது. ஒண்ணே கால் கிலோமீட்டர்ல நின்னுட்டேன். சமதளத்துல 15 கிலோமீட்டர் போன கால் இது. திரும்பி வர்றப்ப பள்ளம் வலப்பக்கம் வந்துச்சு, வலியே இல்ல. அதே தடம், அதே கால்.

அங்கயே புல்லுல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை தள்ளிப்போட வைக்காம இருந்திருந்தா, இந்தக் காலோட தரங்கம்பாடி மணல்ல 9 கிலோ பையைத் தூக்கிட்டு இறங்கியிருப்பேன். பூம்பாறை அண்ணனுக்கும் திண்டுக்கல் அக்காவுக்கும் நாகை அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

அக்கா, இப்ப என்ன பண்ணணும்?

---

திண்டுக்கல் பிசியோ | அக்டோபர் 15

மூணு மாசம் இருக்கு, போதும். பழைய சைக்கிள் டியூப் ஒண்ணை வெட்டிக் கட்டில் காலுல கட்டுங்க. நாற்காலியில உட்கார்ந்து, குதிகாலைத் தரையில வச்சு, பாதத்தை வெளிப்பக்கமா டியூபை இழுத்துத் தள்ளணும். மெதுவாத் திரும்ப விடணும், அந்தத் திரும்ப விடறதுலதான் பலன். பல் விளக்குறப்ப இடது கால்ல மட்டும் நில்லுங்க. பழகினதும் கண்ணை மூடி நில்லுங்க, ஆடாம 30 விநாடி வரணும். அப்புறம் படியோட விளிம்புல ஒத்தைக் கால்ல குதிகாலைத் தூக்கி இறக்குறது. வலது கால் எத்தனை தடவை பண்ணுதோ, இடது காலும் அத்தனை தடவை பண்ணணும். அதுக்கு முன்னாடி பையைத் தூக்காதீங்க.

புல்மேட்டுல வாரம் மூணு நாள், ஒண்ணே கால் கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு. எவ்வளவு கூட்டலாம்னு மறுநாள் காலையில கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் நாலு அடி சொல்லும். நடக்கிறப்ப கொஞ்சம் இழுத்தாப் பரவாயில்ல. மறுநாள் காலையிலயும் அது இருந்தா நீங்க அதிகம் நடந்துட்டீங்கன்னு அர்த்தம். சாயங்கால வீக்கத்துக்குப் பயப்படாதீங்க, முறிவுக்குப் பிறகு பல மாசம் இருக்கும்.

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்ங்கிறதை மறந்துடுங்க. காய்ஞ்ச மணல்ல நடக்க, கெட்டித் தரையை விட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி வேணும். ஆராய்ச்சியில அளந்தே பார்த்திருக்காங்க.

---

வத்தலக்குண்டு வாசி | அக்டோபர் 15

தூரத்தைப் பத்தி ஒண்ணு. நீங்க போற கரையில வேதாரண்யம் வருது. 1930ல உப்புச் சத்தியாகிரகத்துக்கு ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 13 திருச்சியில கிளம்பி 28ல வேதாரண்யம் போய்ச் சேர்ந்தாங்க. ஏறத்தாழ 150 மைல். ஒரு நாளைக்குப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர்தான், அதுவும் ரோட்டுல. கால் நல்லா இருந்தவங்களே அவ்வளவுதான் வச்சுக்கிட்டாங்க.

---

நாகைக்கரை | அக்டோபர் 16

மணல் பத்தி நான் சொல்றேன். காய்ஞ்ச மணல் வேண்டாம். வத்தத்துல நடங்க. தண்ணி இறங்கினதும் விட்டுட்டுப் போற ஈர மணல் கெட்டியா இருக்கும், சரிவும் கம்மி. ஏத்தத்துல அந்த இடம் தண்ணிக்குள்ள போயிரும், மேல சரிவுலதான் நடக்கணும். வத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, தெனம் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நல்லா இறங்கும், நடக்க அகலமா இடம் கிடைக்கும். நம்ம கரையில ஏத்த வத்தத்துக்கு உயரம் பெருசா இல்ல, ஆனாலும் காலுக்கு வித்தியாசம் தெரியும்.

வெறுங்காலோட நடக்கிறதுதான் எங்க பழக்கம். உங்களுக்கும் அதுதான் நல்லதுன்னு தோணுது.

---

திண்டுக்கல் பிசியோ | அக்டோபர் 16

வெறுங்கால் இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. வலி வராம இருக்க முழு பாதமும் ஒரே மாதிரி ஊன்றணும். கிளிஞ்சல் குத்தி ஒரு தடவை காலைச் சட்டுன்னு இழுத்தாப் போதும்.

---

நாகைக்கரை | அக்டோபர் 16

அதுவும் சரிதான்மா. வலை உதறுற இடத்துல கெளுத்தி முள்ளு கிடக்கும். ஏறிச்சுன்னா ரெண்டு நாள் கால் ஊன்ற முடியாது. செருப்புப் போட்டே வரட்டும்.

---

பூம்பாறை விவசாயி | நவம்பர் 29

தம்பிக்கு ஒரு கம்பு செஞ்சிருக்கேன், மூங்கில். மணல்ல நுனி புதையும்னு, அடியில தேங்காய்ச் சிரட்டையைக் கவுத்து வச்சுக் கம்பி போட்டு இறுக்கியிருக்கேன். என் பையன் ஏரிப் பக்கம் வர்றப்ப குடுத்து விடறேன். இடக்கையில பிடிங்க, பள்ளத்துப் பக்கம்.

---

செண்பகனூர் நடையன் | டிசம்பர் 27

கணக்கு: புல்மேட்டுல, பள்ளம் இடப்பக்கம் வச்சு 7 கிலோமீட்டர். மறுநாள் காலை வலி இல்ல. நடுவுல நவம்பர் கடைசியில ஆசைப்பட்டு ஒரே நாள்ல 4ல இருந்து 6க்குத் தாவினேன், அஞ்சு நாள் வீட்டுல இருக்க வேண்டியதாப் போச்சு. கண்ணை மூடி 30 விநாடி வருது. ஒத்தைக் கால்ல குதிகால் தூக்குறது வலது 24, இடது 21. நூலுல இடைவெளி அரை விரல்கடை.

ஒரு விஷயத்துல மனசு ஒப்பல. அக்கா தனியாப் பேசினப்ப ஒரு யோசனை சொன்னாங்க. காரைக்கால்ல ரூம் போட்டுப் பையை அங்கயே வச்சுட்டு, தெனம் பஸ்ல போய் நடந்துட்டு ராத்திரி திரும்பிடணும். அது சரி. ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள், அன்னைக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர்ல இறங்கி வடக்கே திரும்பி நடக்கணும்ங்கிறாங்க. கடல் வலப்பக்கம் வரும், இடது காலுக்கு ஓய்வு. எனக்கு அது கன்னியாகுமரிக்கு நடக்கிற மாதிரியே இல்ல. பழவேற்காட்டுல இருந்து ஒரு அடி கூடத் திரும்பி வச்சதில்ல.

---

ஏரிச்சாலை | டிசம்பர் 27

திரும்பி நடந்தா அது வேற நடை. என் ஓட்டு உங்களுக்குத்தான்.

---

வத்தலக்குண்டு வாசி | டிசம்பர் 28

எனக்கு அப்படித் தோணல தம்பி. நகரத்தார் காவடியைப் பாருங்க. செட்டிநாட்டுல இருந்து பழனிக்கு நடந்து வர்றாங்க, பூசம் முடிஞ்சு நடந்தே திரும்பிப் போறாங்க. எங்க ஊர் ஆளுங்க நாங்க எல்லாம் மலை இறங்கினதும் பஸ்ஸைத் தேடுவோம். திரும்பி நடக்கிறவங்களோட நடை எங்க நடையை விடக் குறைஞ்சதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கரையில ஒவ்வொரு அடியிலயும் உங்க பாதம் பட்டிருக்கணும். அது எந்தப் பக்கம் பார்த்துப் பட்டுச்சுங்கிறது உங்க காலோட வசதி.

---

செண்பகனூர் நடையன் | டிசம்பர் 30

ரெண்டு நாள் யோசிச்சேன் அண்ணே. பூம்பாறை அண்ணன் ஒரு வரிசை இப்படி, ஒரு வரிசை அப்படின்னு எழுதினதும் ஞாபகம் வந்துச்சு. ஒத்துக்கிறேன். முதல் நாள் மட்டும் தெக்கே பார்த்து, விழுந்த கல்லுல இருந்து.

---

செண்பகனூர் நடையன் | ஜனவரி 20

தரங்கம்பாடி. நேத்து சாயங்காலமே வந்துட்டேன். மலை இறங்குறப்ப பஸ்ஸுக்குள்ள பாதிப் பேர் பச்சை வேட்டி, தைப்பூசத்துக்கு மாலை போட்டவங்க. எல்லாரும் எங்க மலையடிவாரத்தைத் தேடி வர்ற மாசத்துல நான் அங்க இருந்து கடலுக்குப் போறேன்.

இன்னைக்குக் காலையில அந்தக் கல்லைத் தேடினேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கு. பாசி காய்ஞ்ச இடமாப் பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கையை வச்சேன், ஈரமா சில்லுன்னு இருந்துச்சு. கல்லு மேல ஏறல. உள்பக்கம் சுத்தி மணலுக்கு வந்து நடந்தேன். வத்தம் காலை எட்டரைக்கு. ஈர மணல்ல சிரட்டைக் கம்பு வட்ட வட்டமா தடம் போட்டுட்டே வந்துச்சு, ஒரு இடத்துலயும் புதையல. நண்டலாறு முகத்துவாரத்துக்கு முன்னாடி உள்ளே திரும்பிப் பாலத்துல ஏறி நிறுத்திட்டேன். அஞ்சு கிலோமீட்டர் சொச்சம். பாலத்துல ஒரு பாட்டி, "வேளாங்கண்ணிக்கா சாமி நடக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அதைத் தாண்டியும் போறேன் பாட்டின்னேன். தண்ணி குடுத்தாங்க.

---

திண்டுக்கல் பிசியோ | ஜனவரி 20

நாளைக் காலை முதல் நாலு அடி எப்படின்னு எழுதுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

---

செண்பகனூர் நடையன் | ஜனவரி 21

வலி இல்ல அக்கா.

---

செண்பகனூர் நடையன் | ஜனவரி 27

நாகப்பட்டினம். எட்டு நாள்ல ஓய்வு ரெண்டு நாள். கீழவாஞ்சூர்ல துறைமுகம் இருக்கிறதால கரை கிடைக்கல, ரோட்டுலயே சுத்தி வந்தேன். வடக்கே பார்த்து நடந்த நாள்ல வாடை மூஞ்சியில அடிச்சு மணலைக் கண்ணுல போட்டுச்சு, ஆனா நாகூர் மினாரா முதுகுக்குப் பின்னாடி சின்னதாகிட்டே போனதை அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். தெக்கே மட்டும் நடந்திருந்தா அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

நேத்து 9 கிலோமீட்டர். சாயங்காலம் வீக்கம், காலையில இல்ல. நாகை அண்ணன் வீட்டுல சாப்பிட்டேன். பூம்பாறை அண்ணன் குடுத்து விட்ட பூண்டை அவங்க வீட்டம்மாகிட்ட குடுத்தேன். தோலை உரிச்சு மோந்து பார்த்துட்டு, இன்னைக்குக் குழம்புக்கு இதுதான்னு எடுத்து வச்சுட்டாங்க.

---

நாகைக்கரை | ஜனவரி 27

தம்பி செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் சமமாத் தேஞ்சிருக்கு.

வேளாங்கண்ணி தாண்டி வெள்ளையாத்துக்கு வத்தத்தை நம்பி இறங்காதீங்க, பாலத்துலயே போங்க. அங்க இருந்து விழுந்தமாவடி, புஷ்பவனம் வழியா வேதாரண்யம் வரைக்கும் மணல்தான். கோடியக்கரையில காட்டுக்குள்ள போக வனத்துறைகிட்ட கேட்டுக்குங்க. பூநாரை வந்திருக்கும்.

---

செண்பகனூர் நடையன் | ஜனவரி 28

சரிண்ணே. லீவு முடியுது, இன்னைக்கு ராத்திரி மலைக்குத் திரும்புறேன். அடுத்தது மாசிக் கடைசியில, நாகையில விட்ட இடத்துல இருந்து கோடியக்கரை வரைக்கும். அதுக்கு அப்புறம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, சேறு, கரையை ஒட்டி நடக்க வழியில்லன்னு தெரியும். திருத்துறைப்பூண்டி ரோட்டுல சுத்தி வரலாம், இல்ல படகுல போகலாம். படகுன்னா நடையா ஆகுமான்னு இன்னும் முடிவு பண்ணல. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் யாராவது இந்த இழையைப் படிச்சா எழுதுங்க.